நிறத்துக்குப் பெயரிட்ட பிள்ளைகள்

பிராங்பேர்ட் கோதே பல்கலைக்கழகம் இன்று இயங்கும் ஐ.ஜி. பார்பென் கட்டடத்தை எம்மவர் பலரும் அறிவர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்கப் படைகளின் தலைமையகமாக விளங்கியது அது. அப்படைகளில் கறுப்பின வீரர் ஏராளமானோர் இருந்தனர். அவர்களுக்கும் ஜேர்மானியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் 1950களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 5,000 பேர். மணம் புரிய மேலதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. கறுப்பின வீரருக்கோ அது பெரும்பாலும் மறுக்கப்பட்டது. தந்தையின் முகம் அறியாமலே பிள்ளைகள் பலர் வளர்ந்தனர்.

1952 இல் இவர்களுள் மூத்தோர் பாடசாலை புகுந்தனர். இந்நாட்டின் காலநிலைகூட இவர்களுக்கு ஒவ்வாது, தந்தையரின் நாட்டுக்கு அனுப்புவதே நன்றல்லவா என்ற பேச்சு அவ்வாண்டு நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'டொக்சி' திரைப்படத்திலும், கறுப்பினச் சிறுமியை இறுதியில் அமெரிக்கத் தந்தை வந்து அழைத்துச் செல்கிறார். பகையோடு சொல்லப்பட்டதன்று, பரிவோடு சொல்லப்பட்டது. அதனால் வலி குறைந்துவிடுமா? ஜேர்மன் மொழியன்றி வேறொன்றும் அறியாத பிள்ளைக்கு, நீ இந்நாட்டுக்குரியவளல்லள் என்பதே அதன் பொருள்.

'எப்போது உன் நாட்டுக்குத் திரும்புவாய்?' என்ற கேள்வியை எமது பிள்ளைகளும் கேட்டிருக்கின்றனர். ஆயினும் அவர்களுக்கு வீட்டில் தமிழ் இருந்தது, வார இறுதியில் தமிழாலயம் இருந்தது. அப்பிள்ளைகளில் பலருக்குக் கையளிக்க எவருமே இருக்கவில்லை. ஆகவே வளர்ந்தபின் தாமே தேட நேர்ந்தது.

1984 இல் பேர்லினுக்குக் கற்பிக்க வந்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்றி லோர்ட், அங்கிருந்த இளம் பெண்களை ஒருவரையொருவர் தேடிக் காணத் தூண்டினார். பிறர் சூட்டிய இழிபெயர்களை விலக்கி, 'ஆபிரிக்க ஜேர்மானியர்' என்று தமக்குத் தாமே பெயரிட்டனர். 1985 இல், பிராங்பேர்ட்டுக்கு அண்மையிலுள்ள வீஸ்பாடனில் முதலாவது நாடளாவிய சந்திப்பு நிகழ்ந்தது. தம்மைப் போன்ற இன்னொருவரை முன்னர் கண்டேயிராதவரும் அக்காலத்தில் இருந்தனர். 1986 இல் மே ஆயிம், கத்தரீனா ஒகுந்தோயெ, டக்மார் ஷுல்ட்ஸ் ஆகியோர் தொகுத்த 'பார்பெ பெக்கெனன்' நூல் வெளிவந்தது. 'நிறத்தை வெளிப்படுத்து' என்பது தலைப்பின் நேர்ப்பொருள்; தன் நிலையைத் துணிந்து சொல் என்பது வழக்குப்பொருள்.

கலையும் விழாவும் இதன் பின்னரே வந்தன. 1990 இல் பேர்லினில் கறுப்பின வரலாற்று மாதம் தொடங்கியது. 1997 இல் ஒகுந்தோயெ ஆபிரிக்கக் குடும்பங்களுக்காக 'யோலிபா' என்னும் அமைப்பை அங்கு நிறுவினார். இந்த ஒழுங்குமுறை எமக்கு முக்கியமாகப் படுகிறது. மேளமும் ஆட்டமும் மட்டும் கற்ற பிள்ளை மேடையில் கைதட்டல் பெறும். வகுப்பறையில் எழும் கேள்விக்கு மறுமொழி சொல்ல அதற்கு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

அதை உணர்ந்தவர் மைன்ஸ் நகரில் வாழ்ந்த வேரா ஹையர். கறுப்பின எழுத்தாளரின் நூல்களை ஆண்டுக்கணக்காகத் தேடிச் சேர்த்தார்; அவற்றை எல்லோரும் வாசிக்கும் நூலகமாக்க விரும்பினார். 1981 இல் யாழ். நூலகத்தை எரியக்கொடுத்த எமக்கு அவ்விருப்பத்தின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. 1995 இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்த நூல்களை அடித்தளமாகக் கொண்டு பேர்லினில் எழுந்த நூலகம் 2014 இல் திறக்கப்பட்டது.