ஒரு வண்ணம், ஓர் ஆண்டு: லூயிசியானா நினைவுப் படங்களும் விரிவாக்கக் கருத்தும்

பிங்கர் ஹெர்மன் 1898இல் வெளியிட்ட நூலைத் தவிர்த்துவிட்டு லூயிசியானா நிலப்படங்களைப் பற்றிப் பேச இயலாது. அமெரிக்கப் பொது நில அலுவலகத்தின் ஆணையராக இருந்துகொண்டே, தம் அலுவலகப் படம் தவறு என்று அவர் வாதிட்டார். அப்படத்தில் 1803இல் பிரான்சிடம் வாங்கிய நிலம் ராக்கி மலையைத் தாண்டிப் பசிபிக் கடல்வரை நீண்டிருந்தது. மலையோடு அது முடிந்தது என்பது ஹெர்மனின் முடிவு. மலைக்கு அப்பாலுள்ள ஓரிகன் மீதான உரிமைக்கு அவர் காட்டிய ஆதாரங்கள் வேறு: 1792இல் ராபர்ட் கிரே கொலம்பியா ஆற்றுக்குள் நுழைந்தது, 1805இல் லூயிஸ்–கிளார்க் பயணம், 1811இல் அஸ்டோரியாக் குடியிருப்பு, 1819இல் ஸ்பெயின் விட்டுக்கொடுத்த உரிமை.

எல்லையைப் பற்றி அவர் சொன்னதை ஏற்கிறேன். படத்தைத் திருத்தியதும் வரலாறும் திருந்திவிட்டது என்ற அவரது நம்பிக்கையை ஏற்க இயலவில்லை. வண்ணம் எங்கே முடிய வேண்டும் என்றே அவர் வழக்காடினார். ஒரு வண்ணத்துக்கு ஓர் ஆண்டு, ஓர் உடன்படிக்கை என்ற அமைப்பை அவர் தொடவில்லை. வாங்கிய நிலக் கணக்கிலிருந்து ஓரிகனை நீக்கியதும் விரிவாக்கக் கதையைச் சுருக்கவில்லை. வாங்கிய நிலத்துக்கு விற்றவர் என ஒருவராவது உண்டு. கண்டுபிடிப்பும் குடியேற்றமும் முதல் ஆதாரங்களாகும்போது அந்த ஒருவரும் மறைகிறார். ஹவாய் இணைக்கப்பட்டதும், பிலிப்பைன்ஸைப் பெற்ற பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே 1898இல்தான். நூல் அந்த அரசியலுக்காகவே எழுதப்பட்டது என்று நிறுவ இது போதாது. ஓரிகன் சார்பில் காங்கிரஸில் இருந்தவர் அவர். ஊர்ப்பற்றே காரணமாகவும் இருக்கலாம். ஆனாலும் லூயிசியானா வழக்கோடு நாட்டின் எல்லா இணைப்புகளையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டியதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

அந்த வரிசை மக்கள் கைக்கு வந்த விதத்துக்கு 1904 அஞ்சல் தலைகள் சான்று. லூயிசியானா வாங்கியதன் நினைவாக நடந்த செயின்ட் லூயிஸ் கண்காட்சி தொடங்கிய ஏப்ரல் 30, 1803 உடன்படிக்கைக்குரிய தேதி. அன்று வெளியான ஐந்து தலைகளில் பத்து சென்ட் தலையில் லூயிசியானாவைக் காட்டும் நாட்டின் படம். மற்றவற்றில் லிவிங்ஸ்டன், ஜெஃபர்சன், மன்ரோ, மெக்கின்லி. முதல் மூவரும் 1803க்கு உரியவர்கள். கண்காட்சிச் சட்டத்தில் ஒப்பமிட்டவர் என்பதால் மெக்கின்லிக்கு இடம் கிடைத்தது என்பது நேரான விளக்கம். ஆனால் 1898இல் ஸ்பெயினுடன் போரை நடத்திய குடியரசுத் தலைவரும் அவரே. 1803ஐயும் 1898ஐயும் ஒரே கதையாக வாசிக்க இந்தத் தொகுதி வழிவிட்டது என்பேன். வெளியிட்டவர்களின் நோக்கம் அதுதான் என்று சொல்லமாட்டேன்.

ஹெர்மன் நூலுக்கு மறு ஆண்டே அமெரிக்க இனவியல் துறை சார்லஸ் ராய்ஸின் தொகுப்பை வெளியிட்டது. பூர்வகுடிகள் விட்டுக்கொடுத்த நிலங்கள் அதில் 720 எண்களாகப் பிரித்து வரையப்பட்டுள்ளன. லூயிசியானா என்ற ஒற்றை வண்ணம் அங்கே சிதறிவிடுகிறது. மிசூரியின் பெரும்பகுதியை ஓசேஜ் மக்களிடமிருந்து பெற 1808இல் தனி உடன்படிக்கை தேவைப்பட்டது. பிளாக் ஹில்ஸ் 1877இல்தான் பறிக்கப்பட்டது. பிரான்சுக்குத் தந்த 1.5 கோடி டாலர் நிலத்தின் விலையன்று; பிற ஐரோப்பிய அரசுகளை விலக்கிப் பூர்வகுடிகளிடம் பேரம் பேசும் உரிமையின் விலை.

ஐரோப்பிய உரிமைகளை மட்டும் கணக்கில் கொண்டாலும் ஆண்டு நிலைப்பதில்லை. மேற்கு ஃபுளோரிடாவை 1803 உடன்படிக்கையின் பகுதி என்றே அமெரிக்கா வாதிட்டது. 1810இல் ஒரு பகுதியைக் கைப்பற்றியது. 1813இல் மொபைல் நகரைப் பிடித்தது. விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் ஸ்பெயின் கையெழுத்திட்டது 1819இல். அது நடைமுறைக்கு வந்தது 1821இல். இவற்றுள் எந்த ஆண்டை அங்கே எழுதுவது? ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை முன்னேற்பாடாகவோ சடங்காகவோ ஆகிவிடும். எனக்கு இதில் முடிவு இல்லை. ஐந்தையும் எழுதிய படம் நினைவுச் சின்னமாகப் பயன்படாது என்பதை மட்டும் சொல்லலாம்.