உலக்கை விட்டுவைத்த தவிடு

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் மலாயாவின் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு ஒரு புதிர் விடுபடவே இல்லை. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு சிலருக்குச் சதை வற்றி எலும்பு துருத்தும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கும். கடைசியில் மூச்சு முட்டி இதயம் நின்றுவிடும். அதே மழையில், அதே கொசுக்கடியில், சீனர்களைவிடக் குறைந்த கூலிக்கு ரப்பர் தோட்டங்களில் உழைத்து, லயங்களில் நெருக்கியடித்துக் கிடந்த தமிழர்களிடம் அந்த நோய் அபூர்வமாகவே தலைகாட்டியது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இரண்டு கூட்டத்தாரின் சோற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் விடாப்பிடியாகத் தின்றது இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலரிசி. 1907இல் இதைத் தடித்த புத்தகமாகவே எழுதினார். பச்சரிசி இருப்பில் கெட்டு விஷமாகிறது என்று அவர் சொன்ன காரணம் மட்டும் தவறு.

அந்த வெள்ளை அரிசி அப்போதைக்குப் புதிய சரக்கு. உரலில் குத்திப் புடைத்த காலத்தில் உமி போகும், தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உலக்கை பிடித்த கைக்கு அதற்குமேல் பொறுமையும் கிடையாது, தெம்பும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாங்காக், ரங்கூன் துறைமுகங்களில் எழுந்த நீராவி ஆலைகளுக்குக் கை வலிக்காது. அவை தவிட்டை ஒட்டச் சுரண்டி, முளையையும் சேர்த்து உதிர்த்து, அரிசியைப் பளபளவென்று தீட்டின. வியாபாரிக்கு இதில் கண்ணழகைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. தவிட்டில் எண்ணெய் உண்டு. நாளானால் அது சிக்குவாடை அடிக்கும். தவிடு நீங்கிய அரிசி மாதக்கணக்கில் கெடாமல் கப்பலிலும் கிடங்கிலும் கிடக்கும். சுரங்கம், சிறைச்சாலை, பட்டாளம் என்று ஆயிரக்கணக்கான வயிறுகளுக்கு மொத்தமாகப் படியளக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அது போனது. பெரிபெரியும் அங்கேதான் பெருத்தது.

ஜப்பான் கடற்படைக் கப்பலான ரியூஜோ, 1883இல் நெடும்பயணம் முடித்துத் திரும்பியபோது 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி. 25 பேர் இறந்திருந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி அடுத்த ஆண்டு இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பி, இறைச்சியும் பாலும் பார்லியும் கொடுத்துப் பார்த்தார். ஒருவரும் சாகவில்லை. தரைப்படை மருத்துவர்கள் இதை நம்பவில்லை. அவர்களில் ஒருவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் மோரி ஓகாய். விளைவு, 1904–05 ரஷ்யப் போரில் ஜப்பான் தரைப்படை சுமார் 27,000 வீரர்களை பெரிபெரிக்கே பறிகொடுத்தது.

ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மனுக்கு வழி காட்டியது ஒரு சமையல்காரரின் கறார்த்தனம். பட்டேவியா ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற ஆய்வுக்கூடக் கோழிகள் 1889இல் கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தில் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். மலிவான, தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

மனிதர்களை வைத்துச் சந்தேகமறக் காட்டியது மலாயாதான். கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்காரர்களை மறுபக்கமும் பிரித்தார். ஒரு பக்கத்துக்குச் சயாம் பச்சரிசி, மறுபக்கத்துக்கு இந்தியப் புழுங்கல். அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் துரியான் திப்பூஸ் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்துச் சோறு போட்டார்கள். பச்சரிசிக்காரர்களுக்கு மூன்று மாதத்தில் நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறியது. வாயில்லா மனநோயாளிகளையும் கூலிக்காரர்களையும் வைத்து இப்படிச் சோதிக்க இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. காலனி அரசில் கேட்பார் யார்?

இத்தனைக்கும் புழுங்கலரிசியும் பக்குவப்படுத்திய பண்டம்தான். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயப்போட்டுக் குத்துவது பச்சரிசியைவிட வேலை கூடிய காரியம். ஆனால் அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிக்கொள்கிறது; பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடும். மாவுச்சத்தை உடல் எரிக்க இந்த வைட்டமின் வேண்டும், சேமிப்போ சில வாரங்களுக்குத்தான் வரும்; அது தீர்ந்தால் பெரிபெரி. நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. குத்தும்போது குருணை விழாது, உமி லேசில் கழலும், சோறு வயிற்றில் நிற்கும் என்பதே அவர்கள் கணக்கு. பதப்படுத்திய உணவு என்றாலே கெடுதி என்று இன்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு அரிசிகளையும் ஒரு நிமிடம் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

சென்னை மாகாணத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு தெரிந்தது. ஆலைப் பச்சரிசி புழங்கிய வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய கடலோர ஆந்திரத்தில், பெரிபெரி ஊன்றியிருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் ஜில்லாக்களில் குறைவு. அதற்காகத் தமிழன் சாப்பாடு ஒசத்தி என்று மார்தட்டவும் இடமில்லை. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் எலியின் சராசரி எடை 235 கிராம். சோறே பிரதானமான மதராஸ் உணவில் 155 கிராம்; பட்டியலில் கடைசி இடம்.

தவிட்டில் இருந்த பொருளை வேதிக்கூடத்தில் செய்து காட்டியவரும் இந்த மாகாணத்தில் பிறந்தவர்தான். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி தம்பதியின் மகனாக 1886இல் நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ், 1910இல் மணிலாவில் தவிட்டுச் சாறு நிரம்பிய ஒரு புட்டியோடு ஆய்வைத் தொடங்கி, 1936இல் பி1ஐச் செயற்கையாகத் தயாரித்தார்.

பெரிபெரி பெருமளவு ஒழிந்தது, தீட்டுவது ஒழியவில்லை. முன்பு கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் இருந்த வெள்ளைச் சோறு மூன்று வேளைக்கும் வந்துவிட்டது. புழுங்கலையும் இப்போது பச்சரிசிக்குச் சமமாகத் தீட்டுகிறார்கள். நார் போய்விட்ட சோறு சீக்கிரம் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். சென்னை நகரவாசிகளிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், 2009இல் வெளியான முடிவுகளின்படி, அன்றாடக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது. அதை அதிகம் உண்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் சர்க்கரை நோயும் கூடுதலாக இருந்தன. மெக்கரிசனின் எலிகள் மெலிந்தன, நமக்குத் தொந்தி விழுகிறது. உடல் உழைப்பு குறைந்ததும் எண்ணெயும் சர்க்கரையும் மலிந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆலையில் பிரியும் தவிடு இன்று எண்ணெய் பிழியவும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. 2022 ஏப்ரலில், ரேஷன் அரிசியைச் செறிவூட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அரிசி மாவில் சத்துகளைக் குழைத்து, அரிசி வடிவத்திலேயே வார்த்தெடுத்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலப்பது முறை. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் அதில் கட்டாயம். பி1, விருப்பமிருந்தால் சேர்க்கலாம் என்ற பட்டியலில் இருக்கிறது.