ஆலிவ் டென்னிஸ்

ஆலிவ் வெட்செல் டென்னிஸ் (1885–1957): அமெரிக்க ரயில்வே பொறியாளர். பால்டிமோர் அண்ட் ஒகையோ ரயில்வேயில் சுமார் 30 ஆண்டுகள் பணியாற்றியவர். பயணிகளின் வசதியைப் பாலம், தண்டவாளம் போலவே பொறியியல் பொறுப்பாகக் கருதிச் செயல்பட்டவர். அமெரிக்க ரயில்வே பொறியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண்.

இளமையும் கல்வியும்

பென்சில்வேனியா மாநிலத்தின் தர்லோ என்னும் ஊரில் பிறந்த ஆலிவ், பால்டிமோர் நகரில் வளர்ந்தார். சிறுவயதிலேயே தச்சுக் கருவிகளில் நாட்டம் கொண்டு பொம்மை வீடுகளைக் கட்டினார். தம்பிக்காக டிராம் வண்டியின் மாதிரி ஒன்றையும் செய்தார். 1908இல் கௌச்சர் கல்லூரியில் இளங்கலைப் பட்டமும், மறு ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் வாஷிங்டனில் பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். பொறியியல் ஆசை விடாததால், வேலையைத் துறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1920இல் குடிசார் பொறியியல் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

ரயில்வேயில்

அதே ஆண்டில் பால்டிமோர் அண்ட் ஒகையோ ரயில்வேயின் பாலங்கள் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்தார். அவர் முதலில் வடிவமைத்தது ஒகையோ மாநிலம் பெயின்ஸ்வில்லில் ஒரு பாலம். ரயில்வேயின் தலைவர் டேனியல் வில்லார்ட், பயணிகளில் பாதிப்பேர் பெண்கள் என்பதால் பயணச் சேவையைச் சீர்படுத்தும் பணியைப் பெண் பொறியாளரிடம் ஒப்படைப்பதே தகும் என்று கருதினார். ஆலிவுக்காகச் 'சேவைப் பொறியாளர்' என்னும் பதவி உருவானது.

நிறுவனத்தின் போட்டி நிலையும் பயணச் சேவைக்கு முக்கியத்துவம் தரச் செய்தது. நியூயார்க்–வாஷிங்டன் தடத்தில் போட்டி நிறுவனமான பென்சில்வேனியா ரயில்வே நேரே மன்ஹாட்டனுக்குள் வண்டி விட்டது. பால்டிமோர் அண்ட் ஒகையோ வண்டிகளோ, 1926க்குப் பின் ஹட்சன் ஆற்றின் மறுகரையில் ஜெர்சி சிட்டியோடு நின்றன. பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, படகில் ஆற்றைக் கடக்கச் செய்ய வேண்டியிருந்தது. வேகத்தில் வெல்ல முடியாத நிறுவனம் உபசரிப்பில் வெல்ல முயன்றது.

ஆய்வும் சீர்திருத்தமும்

ஆலிவின் ஆய்வுக்கூடம் ரயில் பெட்டிதான். சாதாரண இருக்கையிலும் படுக்கைப் பெட்டியிலும் சுமார் 5 லட்சம் மைல் பயணம் செய்து குறைகளைக் குறித்தார். சாய்ந்துகொள்ளும் இருக்கை, குள்ளமானவர்களின் கால் தரையில் படும்படி தாழ்த்திய இருக்கை, கறை பிடிக்காத இருக்கைத் துணி, இரவில் மங்கலாக்கக்கூடிய விளக்கு, பெண்களுக்குத் திரவ சோப்பும் காகிதத் துண்டும் வைத்த விசாலமான ஒப்பனை அறை ஆகியவை அவரது பரிந்துரைகளால் வந்தவை.

நீராவி வண்டியில் சன்னலைத் திறந்தால் கரியும் புழுதியும் உள்ளே வரும், மூடினால் புழுங்கும். இதற்குத் தீர்வாகச் சன்னலில் பொருத்தி, பயணியே காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் 'டென்னிஸ் வென்டிலேட்டர்' கருவியை உருவாக்கினார். அதன் காப்புரிமை நிறுவனத்துக்கே உரியதானது. பெட்டிகளைக் குளிரூட்ட வேண்டும் என்றும் அவர் வலியுறுத்திவந்தார். 1931இல் அந்த ரயில்வேயின் 'கொலம்பியன்', முழுவதும் குளிரூட்டப்பட்ட ரயிலாக ஓடத் தொடங்கியது.

1927இல் ரயில்வேயின் நூற்றாண்டு விழாவையொட்டி, உணவுப் பெட்டிகளுக்கான நீலநிறப் பீங்கான் தட்டுகளையும் வடிவமைத்தார். தடத்தின் இயற்கைக் காட்சிகள் நடுவிலும், பழைய எஞ்சின்கள் விளிம்பிலும் அமைந்த அவை இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

சின்சினாட்டியன்

1947இல் பால்டிமோருக்கும் சின்சினாட்டிக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'சின்சினாட்டியன்' அவரது உச்சப் படைப்பு. புது வண்டி வாங்காமல், பழைய பெட்டிகளையும் நீராவி எஞ்சின்களையும் நிறுவனத்தின் சொந்தப் பணிமனையிலேயே மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது. எஞ்சினின் காற்றைக் கிழிக்கும் மேலுறை முதல் உட்புற அலங்காரம் வரை ஆலிவின் வடிவமைப்பு.

மதிப்பீடு

1951இல் ஓய்வுபெற்ற ஆலிவ் 1957இல் காலமானார். வில்லார்ட் அவரைப் பெண் பயணிகளை மனத்தில் வைத்தே நியமித்தார். ஆலிவ் செய்த மாற்றங்களின் பயனோ எல்லாப் பயணிகளையும் சென்றடைந்தது. அவற்றைப் பிற ரயில்வேக்களும், பின்னர் பேருந்து, விமான நிறுவனங்களும் பின்பற்றின. பயணியின் சௌகரியத்தைப் பொறியியலின் ஒரு பிரிவாக நிலைநாட்டியதே அவரது முதன்மையான பங்களிப்பு.