பசியின் மேல் மிதந்த தோணி

சாலையில் ஊர்திகள் பெருகாத நாள்களில், சென்னையிலிருந்து தெற்கே செல்ல நம் முன்னோர் தோணி ஏறினர். மயிலாப்பூரை விட்ட தோணி அடையாற்றைக் கடந்து, உப்பளங்களையும் சவுக்குத் தோப்புகளையும் பார்த்தவாறு கோவளத்துக் கழிமுகத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிச் செல்லும். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கழி ஊன்றுவர். அதுவும் போதாவிடில் தோணிக்காரர் கரையேறிக் கயிற்றால் இழுத்து நடப்பர். திரும்புகையில் நகருக்கு விறகும் உப்பும் வரும். 1934இல் இவ்வழியே தோழர்களுடன் சென்ற பாவேந்தர் பாரதிதாசன், அப்பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ எனக் கவிதையாக்கினார்.

இனிய பயணந்தான். ஆனால் அந்த நீர்வழி வந்த வரலாற்றை நாம் மறத்தல் தகாது.

1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண் சுமந்தோர் பட்டினியால் மெலிந்த ஏழைகள். பெயர் பெற்றவரோ ஆளுநர் பக்கிங்காம் கோமகன்.

1877 தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் உடல் அதில் தாங்காது என்று சென்னை மாநிலச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பின்னரே, அது ஓரளவு உயர்த்தப்பட்டது. 14 ஆண்டுகள் கழித்து, 1891இல், தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இதே வினாவுக்கு விடை பகர்ந்தார்: உழைப்பவன் உயிர் வாழப் போதாத கூலி, அவனே இசைந்து பெற்றாலும், நீதியாகாது.

1965, 1966, 1976ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. தோணிகள் மறைந்தன. 1997 முதல் மயிலாப்பூரில் அதன்மேல் பறக்கும் இரயில் ஓடுகிறது. கீழே கருநிற நீரைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதைத் தோண்டியவர்க்கு நடுகல் இல்லை. அவர்தம் பெயரும் நமக்குத் தெரியாது.

நவம்பர்த் திங்களில் இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம். அவ்வேளையில் இப்பெயரற்றோரையும் நினைப்போம். நம் இல்லத்திலும் தொழிலகத்திலும் உழைப்போருக்கு நாம் அளக்கும் படி எத்தகையது என்றும் எண்ணிப் பார்ப்போம்.