விரலளவு வீரர்கள்

வரலாற்றைக் கற்பதற்கு வழிகள் பல. ஏடுகளைப் படித்துக் கற்கலாம். கல்வெட்டுகளைப் படியெடுத்துக் கற்கலாம். இடிந்த கோட்டைகளைச் சுற்றிவந்து கற்கலாம். இவற்றோடு சேர்த்து எண்ணப்படாத வழி ஒன்றும் உண்டு. விரலளவே உயரமுள்ள ஒரு போர்வீரனின் உருவத்தை எடுத்து, அதற்குரிய வண்ணங்களைத் தீட்டி, புகைப்படம் பிடித்து, நண்பர்களின் முன் போட்டிக்கு வைப்பதே அவ்வழி. மேலைநாடுகளில் பல்லாயிரவர் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். இது சிறுபிள்ளை விளையாட்டு அன்றோ என்று உங்களிற் சிலர் எண்ணலாம். நானும் இதை விளையாட்டு என்றே சொல்வேன். ஆனால் உண்மையைப் பேணக் கற்றுத்தரும் விளையாட்டு என்பேன். அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தை உருக்கி, கல்லிற் செதுக்கிய அச்சுகளில் வார்த்து, தட்டையான சிறு வீரர்களைச் செய்து விற்றனர். டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஆண்டர்சன் 1838இல் வெளியிட்ட வெள்ளீய வீரனின் கதையை நீங்கள் படித்திருக்கலாம். பழைய கரண்டி ஒன்றை உருக்கி வார்த்த 25 வீரர்களுள், ஈயம் போதாமையால் ஒற்றைக் காலோடு பிறந்தவன் அவன். வீரன் இவ்வாறு பிள்ளைகளின் கையில் இருக்கையில், படைத்தலைவர்களின் மேசைமீது வேறொரு விளையாட்டு ஏறியது. 1824இல் பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தையார் தொடங்கிய போர்விளையாட்டைத் திருத்தி விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின்மேல் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள் படைகளாக நகர்ந்தன. பகடையும் நடுவரும் முடிவு கூறினர். பிரஷ்யப் படை அதைப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது.

பிள்ளைகளின் வீரனும் படைத்தலைவரின் கணக்கும் ஒன்றுசேர்ந்து வரலாற்றுச் சான்றாக நின்ற கதை ஒன்று உண்டு. வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 1830இல் வாட்டர்லூப் போரின் மாதிரி அமைப்பைச் செய்யும் பணியை மேற்கொண்டார். 1815 ஜூன் 18ஆம் நாள் நெப்போலியன் தோற்ற அந்தக் களத்தில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரிற் கலந்து உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை 7 மணியளவில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார் நின்றனர் என்று வினவினார். நூற்றுக்கணக்கான விடைகள் வந்தன. அரசின் பணவுதவி இடையில் நின்றபோதும் அவர் வேலையை விடவில்லை. 1838இல் அந்த மாதிரி லண்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 75,000 சிற்றுருவங்கள் நின்றன.

சான்றுகள் கூறியவாறே சைபோர்ன் பிரஷ்யப் படையைப் பெருந்திரளாக நிறுத்தியிருந்தார். வெற்றியிற் பிரஷ்யர்க்குப் பெரும்பங்கு உண்டு என்று அது சொல்லாமற் சொல்லியது. தளபதி வெலிங்டனைச் சார்ந்தோர்க்கு அது உவப்பாக இல்லை. எதிர்ப்பு தொடர்ந்தது. இறுதியிற் பல்லாயிரம் பிரஷ்ய உருவங்களைச் சைபோர்ன் களத்திலிருந்து அகற்றினார். சுண்டுவிரல் நகமளவு ஈயத்துண்டுகள் ஒரு பேரரசின் பெருமைக்கு இடையூறாகத் தோன்றின என்றால், அத்துண்டுகளை வெறும் பொம்மை என்று தள்ளலாமா? அந்த மாதிரி இன்று லண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1893இல் வில்லியம் பிரிட்டன் என்னும் பொம்மை வணிகர் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டது. ஈயம் குறைந்தது; விலையும் குறைந்தது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அவ்வீரர்களைக் கொண்டே அறிவியற் புனைகதை ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையிலும் தோட்டத்துப் புல்வெளியிலும் போர் நடத்தினார்; மரக்குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியால் எதிரியை வீழ்த்தினார். அவ்விளையாட்டின் விதிகளைப் புகைப்படங்களோடு 1913இல் நூலாக வெளியிட்டார். இதைச் சிலமுறை ஆடிப்பார்த்தவன் உண்மைப் போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்தது என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. ஆயினும் அவர் வகுத்த விளையாட்டு அழியவில்லை. 1935இல் பிரிட்டனில் மாதிரி வீரர் சங்கம் தோன்றியது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய போர்விளையாட்டு நூல் பலரை இதன்பால் ஈர்த்தது. 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் போட்டி, ஆடுவதைவிட வண்ணம் தீட்டுவதையே தனிக்கலையாக மதித்துப் பரிசளித்தது.

அக்கலையின் நுட்பத்தைச் சிறிது ஆராய்வோம். இன்று பெரிதும் வழங்கும் உருவம் 28 மில்லிமீட்டர் உயரம் உடையது. அதாவது மனிதனின் உயரத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அவன் கண் அரை மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அவன் சட்டையின் மடிப்புகள் மிக ஆழமற்றவை. ஆகவே அறையின் விளக்கொளி அவற்றிற் கண்ணுக்குத் தெரியும் நிழலை வீழ்த்துவதில்லை. ஒரே நிறத்தைப் பூசிவிட்டால் உருவம் களிமண் கட்டிபோலத் தோன்றும். எனவே ஒளி செய்யத் தவறுவதை ஓவியன் செய்கிறான். முதலில் அடிப்பூச்சு; பின்பு உரிய நிறம்; அதன்பின் பள்ளங்களில் தங்குமாறு நீர்த்த இருண்ட வண்ணம்; இறுதியில் மேடுகளின் விளிம்பில் வெளிறிய வண்ணம். வண்ணம் நீர்த்திருக்க வேண்டும். ஒரு பூச்சு உலர்ந்தபின்பே மறு பூச்சு. பொறுமையற்றவனுக்கு இங்கே இடமில்லை.

கைத்திறம் மட்டும் போதாது, செய்தியறிவும் வேண்டும். சட்டையின் கழுத்துப்பட்டி எந்நிறம்? தோல்வார் வெள்ளையா, கறுப்பா? மராட்டியப் போர்க்காலத்துச் சென்னைப் படைச் சிப்பாய்களின் உருவங்களும் வார்க்கப்படுகின்றன. அவற்றைத் தீட்டுவோன் நெற்றியில் சமயக்குறி இடுவதா, காதிற் கடுக்கன் வரைவதா என்று நின்று சிந்திக்க வேண்டும். அது அற்ப வினா அன்று. சீருடையோடு சமயக்குறியும் கடுக்கனும் கூடா, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிக என்று பிறந்த ஆணைகளே 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குக் காரணங்களுட் சில. ஊசிமுனை அளவு வண்ணப்புள்ளிக்குள் ஒரு கிளர்ச்சியின் வரலாறு அடங்கியிருப்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு. அப்புள்ளியைச் சரியாக வைக்க விரும்பும் மாணவன் பத்துப் பக்கம் படித்தாக வேண்டும்.

தீட்டிய உருவத்தைத் தொலைவிலுள்ள நண்பர்க்குக் காட்டுவது புகைப்படம். அதுவும் எளிதன்று. மிக நெருங்கிப் படம் பிடிக்கையில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறுகியது; மூக்கு தெளிந்தால் ஈட்டிமுனை மங்கும். லென்சின் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி குறையும். குறைந்த ஒளியை நெடுநேரம் ஏற்கவேண்டும். கேமரா அசையாதிருக்க முக்காலி வேண்டும். விளக்கின் முன் மெல்லிய வெண்தாளை நிறுத்தினால் வன்மையான நிழல் தணியும். பின்னணி கறுப்பாயின் கேமராவின் ஒளிக்கணக்கு ஏமாறி உருவத்தை வெளிறச் செய்யும். சாம்பல் நிறமே நன்று. கேமராவை வீரனின் கண்மட்டத்திற்குத் தாழ்த்துங்கள். மேலிருந்து பார்க்கையிற் பொம்மையாக இருந்தவன் உடனே மனிதனாகிறான். அன்றியும் படம் அவனைக் கையளவு பெரிதாக்கிக் காட்டும். கண்ணுக்குத் தப்பிய பிசிறுகள் எல்லாம் அங்கே வெளிப்படும். அவ்வகையிற் புகைப்படம் பாராட்டும் நண்பனாகவும் குறைகூறும் ஆசிரியனாகவும் நிற்கிறது.

இனி நட்புப் போட்டிக்கு வருவோம். குளிர்கால மாதங்களில் வீட்டில் அடைபட்டிருப்போர், இத்தனை வாரத்தில் இத்தனை உருவம் தீட்டுவேன் என்று உறுதிகூறி, முடித்தவற்றைப் படமெடுத்து அனுப்புவர். உருவத்தின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப மதிப்பெண் உண்டு. ஒருவர் மற்றொருவர்க்கு எதிரியல்லர்; ஒவ்வொருவரும் சென்ற ஆண்டில் தாம் செய்த அளவையே வெல்ல முயல்கின்றனர். பின்தங்கியவரை முந்தியவர் ஊக்குகிறார். வண்ணம் கலக்கும் மறைபொருளையும் கேட்டவர்க்கு வழங்குகிறார்.

இப்போட்டிக்குக் காவலர் யார்? முன்னரே தீட்டிய உருவத்தைப் புதிதென்று காட்டினாற் கண்டுபிடிப்பார் இல்லை. கணிப்பொறியிற் படத்தைத் திருத்திக் குறையை மறைத்தாலும் பெரும்பாலும் தெரியாது. அனுப்புவோரின் நேர்மை ஒன்றே காவல். பெரும் பரிசு ஏதும் இல்லாத இடத்தில் ஒருவன் உண்மையாக நடந்துகொள்வானாயின், அந்த நேர்மை அச்சத்தாலும் ஆசையாலும் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது. அப்பழக்கம் வரலாறு எழுதுவோர்க்கும் இன்றியமையாதது என்பது என் துணிபு.

சைபோர்ன் தம் களத்திலிருந்து அகற்றிய உருவங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவர் திரட்டிய கடிதங்கள் அழியவில்லை. அவற்றுட் பலவற்றை 1891இல் அவர் மகன் நூலாக்கினார். களத்திற் காணாத பிரஷ்யரை இன்று ஆராய்ச்சியாளர் ஏட்டில் எண்ணுகின்றனர். உருவத்தை அகற்றலாம்; சான்றை அகற்றல் அரிது. நீங்கள் தீட்டுவது ஈய வீரனாயினும், எழுதுவது வரலாற்றுக் கட்டுரையாயினும், கண்டதைக் கண்டவாறு வையுங்கள். சிறியதிற் பொய்யாதவனே பெரியதிலும் பொய்யான்.