விலை தெரியாத விருந்து



சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலைத் தவணை விடுமுறையொன்றின்போது, யானும் என் உடனாசிரியர் பதினெண்மரும் கடற்கரை விடுதியொன்றில் ஓரிரவு தங்கச் சென்றோம். அறை, இராவுணவு, காலையுணவு என்னும் மூன்றிற்கும் சேர்த்து ஆளொன்றுக்கு இவ்வளவு என ஒரே தொகை குறிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறிது சிறிதாக மீத்து வைத்த பணம் அது. கடல் அழகாயிருந்தது, அறைகள் தூய்மையாயிருந்தன. இரவு எட்டு மணிக்கு உணவு மண்டபத்தினுள் நுழைந்தோம். மேசைமேல் அழகுற அச்சிட்ட சிறு அட்டையொன்று நின்றது. அதிற் கண்டவாறே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: ஆறிப்போன சூப், விரல்நீள மீன்துண்டு ஒன்று, அவித்த கரட்டும் போஞ்சியும், ஈற்றில் ஒரு கரண்டியளவு கரமல் புடிங்.

எம்முள் மூத்தவர், வயல் செய்து பழகியவர், பரிமாறிய இளைஞனை நோக்கி, "தம்பி, கொஞ்சம் சோறும் மீன் ஆணமும் கிடைக்குமா?" என்று வினவினார். "அது உங்கட பெக்கேஜில இல்ல, சேர்" என்றான் அவன், மிக்க மரியாதையுடன். பின்பு குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கு எங்களுக்கு அதுதான் சேர் சாப்பாடு" என்றான்.

அவ்விடுதியைத் தூற்றுவது என் நோக்கமன்று. அன்றிரவு என் உள்ளத்தில் எழுந்த வினா வேறு. சன்னலுக்கு அப்பால் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் தெரிந்தன. பின்புறத்தே நெல்விளையும் நிலம். சமைக்கத் தெரிந்த கைகள் அடுக்களையில் இருந்தன. உண்ண விரும்பிய வாய்கள் மண்டபத்தில் இருந்தன. இவ்விரண்டிற்கும் இடையே அந்தச் சிறிய அட்டை எங்ஙனம் வந்து நின்றது? இவ்வினாவிற்கு விடை தேடின், அது நீண்டதொரு வரலாறாக விரிகின்றது.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். உண்பவன் தேர்ந்தெடுக்க இயலாமையே குறை எனச் சிலர் கூறுவர். அஃது உண்மையன்று. எம் ஊர்க் கலியாண வீடுகளில், சஹனைச் சுற்றிப் பலர் ஒருங்கே அமர்ந்து உண்கின்றோம். அங்கே எவரும் பட்டியல் கேட்பதில்லை. வைத்ததை உண்கின்றோம், வயிறும் மனமும் நிறைந்து எழுகின்றோம். மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா 1331ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மொகதிசு நகரை அடைந்தார். அங்கே அவருக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு வந்தது. நெய்யிட்டுச் சமைத்த சோறு, கோழி, இறைச்சி, மீன், பாலில் வெந்த வாழைக்காய், எலுமிச்சை ஊறுகாய், இஞ்சி, மாங்காய் என அவர் அவற்றை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து சொல்லியிருக்கின்றார். அவர் தேர்ந்தெடுத்தது ஒன்றுமில்லை, மறந்ததும் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுச் சத்திரங்களும் இவ்வகையினவே. 1801ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் ஒன்று விடுத்தார். இராமேசுவரம் செல்லும் வழிநெடுகிலும் அமைந்த அச்சத்திரங்களில் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவருக்கு அரிசியும் பிற பண்டங்களும் அளந்து கொடுக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைத்து உணவளித்தனர். ஒரு காசும் பெறாத இடத்திலே இத்துணைக் கருத்து! இதற்குக் காரணம் யாது? விருந்தளித்தவனின் மானம் அந்த உணவிற்குப் பிணையாக நின்றது. சோறு கெட்டால் சத்திரத்தின் பெயர் கெடும்; ஆணம் கெட்டால் கலியாண வீட்டின் பெயர் கெடும். உணவுக்கு ஒரு நீதிபதி இருந்தான், அவன் ஊர்.

இனி, பணம் கொடுத்து உண்ணும் முறைக்கு வருவோம். ஐரோப்பியச் சத்திரங்களில் நெடுங்காலம் ஒரே பொது மேசைதான் இருந்தது. குறித்த நேரம், குறித்த விலை, விடுதிக்காரன் சமைத்த உணவு என்பதே அங்கு விதி. 1825ஆம் ஆண்டில் உணவின் சுவையைப் பற்றி நூல் வெளியிட்ட பிரெஞ்சு நீதிபதி பிரியா சவரென், தம் இளமைக்காலத்துப் பாரிஸ் நகரை அதிலே நினைவுகூர்கின்றார். 1770ஆம் ஆண்டளவில் அங்கு வந்த வெளியூரார் விடுதிச் சமையலையே நம்பியிருக்க வேண்டியிருந்ததென்றும், அது பெரும்பாலும் நன்றாயிருந்ததில்லை என்றும் அவர் குறைப்படுகின்றார். ஆகவே, நாம் அன்றிரவு அடைந்த ஏமாற்றம் மிகப் பழையதே.

பாரிஸ் நகரம் அதற்கு மருந்தொன்றையும் கண்டது. 1760களில் உடலுக்கு வலுவூட்டும் இரசம் விற்கும் கடைகளாகத் தோன்றியவை, அடுத்த இருபது ஆண்டுகளில் இன்று நாம் அறிந்த உணவகங்களாக வளர்ந்தன. 1780களில் போவிலியே என்னும் சமையல் வல்லுநர் அங்கு நடத்திய உணவகம் புகழ்பெற்றது. இத்தகைய இடங்களில் தனித்தனி மேசை. விரும்பிய நேரத்தில் உணவு. ஒவ்வோர் உணவுக்கும் எதிரே அதனதன் விலை எழுதிய பட்டியல். இச்சிறு தாள் பெரியதொரு மாற்றத்தை விளைவித்தது. இன்ன பண்டத்திற்கு இன்ன விலை என்று தெரிந்தவன், அஃது அவ்விலைக்குத் தகுமா என்று கேட்கலாம். தகாதெனின் அடுத்த கடைக்குப் போகலாம். ஊர் இருந்த நீதிபதியின் இருக்கையிலே இப்பொழுது உண்பவன் அமர்ந்தான்.

ஆயினும் விடுதிகள் இம்முறையை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் அறைக்கும் உணவுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரே கட்டணம் வாங்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அதனை ‘அமெரிக்க முறை’ என்றும், அறைக்கு வேறாகவும் உணவுக்கு வேறாகவும் வாங்குவதை ‘ஐரோப்பிய முறை’ என்றும் இன்றும் விடுதித் தொழிலார் வழங்குகின்றனர்.

இந்நிலையில்தான் மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே வருகின்றார். 1841ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி, தோமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லோபரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்கான பயணம் அது. 1868ஆம் ஆண்டில் அவர் ‘விடுதிச் சீட்டு’ என்னும் முறையைத் தொடக்கினார். பயணி முற்பணம் கொடுத்துச் சீட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொள்வான். குக்கின் பட்டியலிலுள்ள விடுதியில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் ஒரு வேளை உணவோ ஓரிரவுத் தங்கலோ கிடைக்கும். அயல்மொழி தெரியாதவனுக்கும், வழியில் ஏமாற்றப்படுவோமோ என அஞ்சியவனுக்கும் இஃது அரியதோர் உதவியே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று முதல் உண்பவன் வேறு, விடுதிக்குப் பணம் அளிப்பவன் வேறு ஆயினர்.

1950ஆம் ஆண்டு மே மாதத்தில், விளாடிமிர் ரைட்ஸ் என்பவரின் ஹொரைசன் ஹொலிடேய்ஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கோர்சிக்காத் தீவின் கல்வி நகருக்கு விமானப் பயணம் நடத்திற்று. விமானம், கூடாரத் தங்கல், உணவு அனைத்தும் சேர்த்து 32 பவுண் 10 ஷில்லிங். தொடக்கத்தில் மாணவரும் ஆசிரியருமே செல்லலாம் என்னும் கட்டுப்பாட்டின் பேரிலேயே அரசு அனுமதி அளித்தது. பெக்கேஜ் உணவிற்கும் எம் தொழிலுக்கும் இத்துணைப் பழைய உறவு இருப்பதை அறிந்தபோது யான் சிரித்துக்கொண்டேன்! அக்காலத்தில் பிரித்தானியாவில் இறைச்சிக்குப் பங்கீடு இருந்தது. அது 1954இலேயே நீங்கிற்று. ஆதலின் அப்பயணிகளுக்கு, நாள்தோறும் இறைச்சியோடு கிடைத்த உணவு பெருஞ் செல்வமாய்த் தோன்றியது. மொத்தக் கட்டண விருந்து நிறைவின் வாக்குறுதியாகவே பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எம் நாட்டிற்கு வருவோம். பிரித்தானியர் ஆட்சியில் பெருந்தெருக்களை ஒட்டி வாடிவீடுகள் எழுந்தன. கல்முனையிலும் ஒன்று இருந்தது. துரைமாரும் உத்தியோகத்தரும் தங்கிய அவ்விடங்களில் சூப்பு, மீன், கோழி, புடிங் என்னும் வரிசை நிலைபெற்றது. எம் மேசைமேல் நின்ற அட்டையின் பாட்டனார் இந்த வாடிவீட்டு வரிசையே. 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபையும் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டவழி அமைக்கப்பட்டன. அவ்வாண்டு இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர்; 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவிலும் புதிய விடுதிகள் எழுந்தன. அறையோடு காலையுணவும் இராவுணவும் சேர்ந்தால் ‘ஹாஃப் போர்ட்’, மூவேளையும் சேர்ந்தால் ‘ஃபுல் போர்ட்’ என்னும் சொற்கள் எம் பிள்ளைகளின் வாயிலும் பழகிவிட்டன.

விருந்து மெலிந்தது எங்ஙனம்? பயண நிறுவனம் அறைகளை மொத்தமாக, பல மாதங்களுக்கு முன்னரே விலைபேசிக்கொள்கின்றது. விடுதிக்காரர் கட்டிடத்தைச் சுருக்க இயலாது. கட்டிலைக் குறைக்க இயலாது. வங்கிக் கடனுக்குத் தவணை சொல்ல இயலாது. நாள்தோறும் சுருக்கக்கூடியது அடுக்களை ஒன்றே. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டை எட்டிற்று. முன்னரே பேசிய விலை அசையாதிருக்க, சந்தை விலை இரட்டிப்பை நெருங்கினால், மீன்துண்டு விரல்நீளமாவதில் வியப்பென்ன? விருந்தினர் நிறைந்த நாட்களில் பலவகை உணவுகளைப் பரப்பி வைக்கும் விடுதிகள், ஆட்கள் குறைந்த நாட்களில் இந்த அட்டைக்குத் திரும்பிவிடுவதும் செலவை நோக்கியே. விடுதிக்காரரை முழுக் குற்றவாளியாக்குவது நீதியாகாது.

ஆனால் குறையின் வேர் இதனினும் ஆழமானது. அந்த உணவின் விலை உண்பவனுக்குத் தெரியாது. தெரியாததொன்றைத் தகாதென்று அவன் எவ்வாறு வாதிடுவான்? வேண்டாமென்று எழுந்து போனாலும் பணம் திரும்புவதில்லை. ஆகவே விடுதி வாயிலுக்கு வெளியே இடியப்பமும் மீன் ஆணமும் விற்கும் எளிய கடைக்காரருக்கும் அவன் வாடிக்கையாளனாவதில்லை. சத்திரத்திற்கு ஊர் நீதிபதியாயிருந்தது. உணவகத்திற்கு உண்பவன் நீதிபதியானான். இந்த மேசைக்கு மட்டும் நீதிபதி எவருமில்லை. பணம் கொடுக்கும் நிறுவனம் தொலைவில் உள்ளது. விலையை அஃது அளக்கும், சுவையை அளக்கமாட்டாது.

இதனால் இழப்பு எமக்கே. எம் வயலின் அரிசியும், எம் கடலின் மீனும், எருமைத் தயிரும், வட்டிலப்பமும் அறியாமல் விருந்தினன் நாடு திரும்புகின்றான். எம் விருந்தோம்பலை ஆறிய சூப்பைக் கொண்டே அவன் அளந்து செல்கின்றான். பரிமாறும் எம் இளைஞரோ, தம் தாய்மாரின் சமையல் உள்ளே ஒளிக்கத்தக்கது, அட்டையிலுள்ளதே வெளியே காட்டத்தக்கது என்று கற்றுக்கொள்கின்றனர். இவ்விழப்பே என்னை மிகவும் வருத்துகின்றது. யான் ஆசிரியன் அன்றோ?

பரிகாரம் கடினமானதன்று. பயணம் செல்வோர், பணம் கட்டுமுன் இராவுணவின் விலை தனியே எவ்வளவு என்று கேட்கலாம். அதனை நீக்கினால் எவ்வளவு குறையுமென்றும் கேட்கலாம். விடுதி நடத்துவோர் அட்டையின் மறுபுறத்தில் ஊர் உணவுக்கு ஒரு வரி ஒதுக்கலாம். ஒரே உணவேயாயினும், அதன் விலையையும் ஆக்கியவரின் பெயரையும் வெளிப்படையாக எழுதட்டும். கெட்டுப்போகும் பெயர் ஒன்று மீண்டும் அவ்வுணவுக்குப் பிணையாகும்.

அன்றிரவு நாம் எழும்பும்போது, அவ்விளைஞன் எம் மூத்த ஆசிரியரின் அருகே சிறு கிண்ணமொன்றைச் சத்தமின்றி வைத்துப் போனான். அதில் மீன் ஆணம் இருந்தது. அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. சத்திரத்து நள்ளிரவு மணி எம் மக்களின் நெஞ்சில் இன்னும் ஓயவில்லை என்பதற்கு அக்கிண்ணமே சான்று. அதனை மறைவாக அன்றி, மேசை நடுவே வைக்கும் நாள் வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.