ஒரு போர், இரண்டு ஆலயங்கள்

அமெரிக்க விடுதலைப் போர் 1783-இல் முடிந்தபோது, வென்றவர்களில் பலர் அலிகேனி மலைகளைத் தாண்டி மேற்கே காடு திருத்தப் போனார்கள். அரசர் பக்கம் நின்று தோற்றவர்கள் பலர் வீடு வாசலை இழந்து வடக்கே கனடாவுக்குப் போனார்கள். இரு தரப்பாரும் எழுப்பிய மெதடிஸ்ட் ஆலயங்களில் ஒவ்வொன்று இன்றும் நிற்கிறது. ஒன்று, மேற்கு வர்ஜீனியாவில் யூனியன் ஊருக்கு அருகிலுள்ள ரெகொபோத். மற்றொன்று, ஒன்டாரியோவில் அடால்ஃபஸ்டவுனை அடுத்த ஹே பே.

ரெகொபோத் 1786-இல் எழுந்தது. மரக்கட்டைகளை அடுக்கிய சுவர். 29 அடி நீளம், 21 அடி அகலம். நிலம் கொடுத்தவர் எட்வர்ட் கீனன். பிஷப் பிரான்சிஸ் ஆஸ்பரி வந்து பிரதிஷ்டை செய்தார். ஆலயத்தின் பெயர் பைபிளிலிருந்து வந்தது. அதில் ஈசாக்கு வெட்டிய கிணறுகளில் முதல் இரண்டுக்குச் சண்டை வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. அந்த மூன்றாம் கிணற்றின் பெயர்தான் ரெகொபோத். ஷானி பழங்குடி மக்களோடு நிலத்துக்காக மோதிக்கொண்டிருந்த எல்லைப்புறத்தில் இந்தப் பெயரை வைத்தார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஹே பே ஆலயம் வேறு வழியில் உருவானது. உறவினரைப் பார்க்க 1790-இல் அங்கு வந்த மெதடிஸ்ட் போதகர் வில்லியம் லோசி, ஒரு கை செயலிழந்தவர். குதிரையேறி வீடு வீடாகப் பிரசங்கித்தார். அடுத்த ஆண்டு மெதடிஸ்ட் சபையே அவரை அங்கு அனுப்பியது. அவ்வூர்க்காரர் பால் ஹஃப் வீட்டில், மெதடிஸ்டுகள் ‘வகுப்பு’ என்று அழைக்கும் சிறு குழுவின் கூட்டம் கூடியது. 1792 பிப்ரவரியில் ஆலயம் கட்ட முடிவாகி, 22 பேர் சேர்ந்து 108 பவுண்டு தருவதாகக் கையெழுத்திட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் வெறுங்கையோடு வந்திறங்கியவர்களின் ஊர் அது. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான கான்ராட் வான்டூசன் சாராயக்கடை நடத்தியவர். மனம் மாறியதும் கடையின் பெயர்ப்பலகைக் கம்பத்தைத் தானே கோடரியால் வெட்டிச் சாய்த்தார் என்று சொல்வார்கள். ரெகொபோத்தில் ஒருவர் கொடுத்த நிலத்தைவிட, இங்கே பலர் போட்ட இந்தக் கையெழுத்துகளே சபை என்ற சொல்லின் பொருளை எனக்கு நன்றாகக் காட்டுகின்றன. 36 அடிக்கு 30 அடி, மாடத்தோடு கூடிய கட்டடம் எழுந்தது. லோசி குருப்பட்டம் பெறாதவர் என்பதால் அவர் திருவிருந்து கொடுக்க முடியாது. பட்டம் பெற்ற டேரியஸ் டன்ஹம் அதே ஆண்டு வந்த பிறகுதான் அங்குள்ளவர்களுக்கு அது கிடைத்தது.

இரண்டுக்கும் தாய்ச்சபை ஒன்றே. 1784 கிறிஸ்துமஸ் காலத்தில் பால்டிமோரில் அமைந்த அமெரிக்கச் சபைதான் வடக்கேயும் போதகர்களை அனுப்பியது. அரசருக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள், அவரை உதறிய நாட்டிலிருந்து வந்த போதகர்களிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1812-இல் மீண்டும் போர் மூண்டபோது இந்த உறவு பெரும் சங்கடமானது. 1828-இல் கனடாச் சபை தனித்துப் பிரிந்தது.

1819 ஆகஸ்ட் 29 அன்று, ஹே பே ஆலயக் கூட்டத்துக்குப் படகில் வந்த 18 இளைஞர்களில் 10 பேர் ஹே பே விரிகுடாவில் மூழ்கினார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்த ஆலயத்துக்குள் அவர்களின் அலறல் கேட்டது. பின்னாளில் புது ஆலயம் வர, இந்தக் கட்டடம் ஒரு விவசாயியின் சாமான் கிடங்கானது. 1910-இல் மெதடிஸ்டுகள் அதை விலை கொடுத்து மீட்டுப் பழுதுபார்த்தார்கள். ஆண்டுக்கொரு முறை அங்கே ஆராதனை நடக்கிறது.